ஏ பிளஸா, எம்டி-102ஆ, ஐடிஐஎல்லா? டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்கு எதை எழுதுவது?

ஹெட்செட்காரன்:

ஒன்றரை வருடமாக ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். பேருக்குத்தான் ஐடி வேலை. போனை எடுப்பது, டிக்கெட் போடுவது, பாஸ்வேர்டு ரீசெட் செய்வது, "ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்பது, அதிலும் சரியாகவில்லை என்றால் எல்2வுக்கு, அதாவது அடுத்த நிலை டீமுக்குத் தள்ளிவிடுவது, இவ்வளவுதான். மெஷினைக் கையால் தொட்டு வேலை பார்க்கிற டெஸ்க்டாப் சப்போர்ட்டுக்குப் போக ஆசை. பத்துப் பன்னிரண்டு இடத்துக்கு அப்ளை செய்ததில் இரண்டு இடத்தில்தான் கூப்பிட்டார்கள். ஒன்றில் "சர்டிஃபிகேஷன் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள், இல்லை என்றேன், அதன்பிறகு பேச்சு மூச்சே இல்லை.

டிகிரி இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது இல்லை. சர்டிஃபிகேட் தேட ஆரம்பித்தால் காம்ப்டியாவின் ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ், மைக்ரோசாஃப்ட்டின் எம்டி-102, ஏஇசட்-900, ஐடி சேவையை நடத்தும் முறை பற்றிய ஐடிஐஎல், சிஸ்கோவின் நெட்வொர்க் சர்டிஃபிகேட் சிசிஎன்ஏ என்று வந்துகொண்டே இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சிசிஎன்ஏ தவிர மற்றதெல்லாம் வெறும் பேப்பர் என்கிறார். இன்னொருவர் எம்சிஎஸ்ஏ எழுதச் சொல்கிறார். ஷிஃப்ட் வேலை, வருடத்துக்கு இரண்டுக்கு மேல் என்னால் முடியாது, பீஸும் கட்டுப்படியாகாது. எதில் தொடங்குவது?

ஸ்பூலர்:

முதலில் எம்சிஎஸ்ஏ. அதை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. எழுதச் சொன்னவர் நல்லவராகத்தான் இருப்பார், ஆனால் அவர் கடைசியாக வேலை தேடி ரொம்ப நாளாகிவிட்டது என்று நினைக்கிறேன். அதே மாதிரி எம்டி-100, எம்டி-101 என்று பழைய புத்தகமோ வீடியோவோ கிடைத்தால் அதையும் தள்ளிவையுங்கள், அவை இரண்டும் 2023 ஜூலையோடு போய்விட்டன, அவற்றின் இடத்தில் வந்ததுதான் எம்டி-102.

ஏ பிளஸ் பற்றி நேராகச் சொல்கிறேன். அது ஒரு பரீட்சை இல்லை, கோர் 1, கோர் 2 என்று இரண்டு, இரண்டுக்கும் தனித்தனியாகப் பீஸ். பலர் ஒன்றுக்குக் காசை எடுத்து வைத்துவிட்டு நடுவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். 900க்கு கோர் 1ல் 675, கோர் 2ல் 700 எடுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே வரும் செய்முறைக் கேள்விகளில் உட்கார்ந்துவிடாதீர்கள், குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் வாருங்கள், நேரத்தைத் தின்பதே அவைதான். இன்னொன்று, 2025 மார்ச்சில் புது வரிசை வந்துவிட்டது, 220-1201, 220-1202. பழைய 1101, 1102 அதே வருடம் செப்டம்பரில் முடிந்தது. பழைய புத்தகம் சும்மா கிடைக்கிறது என்று அதை வைத்துப் படிக்காதீர்கள்.

அப்புறம் ஒரு வேலை. உங்களுக்குப் போகப் பிடித்த மாதிரியான இருபது வேலை விளம்பரத்தைத் திறந்து, எந்தச் சர்டிஃபிகேட்டின் பேர் எத்தனை முறை வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை, இங்கே நாங்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதைவிட உருப்படியாக இருக்கும்.

நாற்காலிக்கு அந்தப் பக்கம்:

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்காருபவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்டிஃபிகேட் என்ன செய்யும் என்றால் உங்கள் ரெஸ்யூமே என் மேஜை வரை வந்து சேரும். எனக்கு முன்னால் வடிகட்டுகிறவருக்கு ஆபீஸின் யூசர் அக்கவுண்ட்டுகளை நிர்வகிக்கிற ஆக்டிவ் டைரக்டரி என்றால் என்ன என்று தெரியாது, கையில் இருக்கிற பட்டியலில் உள்ள வார்த்தை ரெஸ்யூமேயில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அதைத் தாண்டி வந்தபிறகு சர்டிஃபிகேட்டை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை, பேச்சுதான்.

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று. "ஒரு யூசரின் அக்கவுண்ட் அரை மணிக்கு ஒருமுறை லாக் ஆகிறது, என்ன செய்வீர்கள்?" ஒருமுறை நான்கு சர்டிஃபிகேட்டோடு ஒருவர் வந்தார். அன்லாக் செய்வேன் என்றார். மறுபடியும் லாக் ஆனால்? மறுபடியும் அன்லாக் செய்வேன், இல்லையென்றால் பாஸ்வேர்டை ரீசெட் செய்வேன். அவ்வளவுதான், அதற்குமேல் நகரவில்லை. அடுத்து வந்தவரிடம் ஏ பிளஸ் மட்டும், அதுவும் வாங்கி இரண்டு மாதம். அவர் என்னையே திருப்பிக் கேட்டார், "சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றினாரா?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் பழைய பாஸ்வேர்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது சார், போனில் ஆபீஸ் வைஃபைக்குப் போட்டு வைத்திருப்பார், இல்லையென்றால் வேறொரு மெஷினில் லாக்ஆஃப் செய்யாமல் விட்டிருப்பார், லாகினைச் சரிபார்க்கிற சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் 4740 ஈவென்ட் பதிவைப் பார்த்தால் எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று தெரியும்" என்றார். எந்த ஈவென்ட் என்று எண்ணோடு சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, காரணத்தைத் தேடிப் போக வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் எனக்கு வேண்டியது. அவரைத்தான் எடுத்தோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை வருடம் போன் எடுத்திருக்கிறீர்கள், அது சின்ன விஷயம் இல்லை. ஏ பிளஸில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆனால் வடிகட்டலைத் தாண்ட அதுதான் வேண்டும் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். விளம்பரங்களில் இன்ட்யூன், ஆட்டோபைலட் (மெஷின்களை இணையம் வழியாக நிர்வகிக்கிற, தயார்செய்கிற மைக்ரோசாஃப்ட் கருவிகள்) என்ற பேர் அதிகம் வந்தால் எம்டி-102 எழுதுங்கள். இப்போது பல இடங்களில் புது லேப்டாப்புக்கு இமேஜ் (தயாராக வைத்திருக்கும் விண்டோஸ் காப்பி) போடுகிற வேலையே குறைந்துவிட்டது, பெட்டியைப் பிரித்து யூசர் கையில் கொடுத்தால் அவர் லாகின் செய்தவுடன் ஆப்பும் பாலிசியும் தானாக வந்து இறங்குகின்றன, அது இறங்காதபோதுதான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். எம்டி-102 பரீட்சை எளிது இல்லை, இன்ட்யூனைத் தொடாமல் படித்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். இன்ட்யூனுக்கு 30 நாள் இலவச ட்ரையல் உண்டு, முதல் நாளே திறந்துவிடாதீர்கள், பாதி படித்தபிறகு திறந்தால் அந்த 30 நாளும் உபயோகப்படும். சர்டிஃபிகேட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஆனால் அது ஆன்லைனில் இலவசம்.

சிசிஎன்ஏ நல்ல சர்டிஃபிகேட், ஆனால் அது வேறு ரூட். ரவுட்டர், ஸ்விட்ச் பக்கம் போக முடிவு செய்துவிட்டால் எழுதுங்கள், டெஸ்க்டாப் வேலைக்காக அதை எழுதுவது அதிகப்படி.

டிக்கெட்நம்பர்:

எல்லோரும் ஐடிஐஎல்லைத் தொடாமலே போகிறீர்கள். டெக்னிக்கலாக அதில் ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஒரு கேபிளைக்கூட அது சொருகச் சொல்லித்தராது. ஆனால் பெரிய கம்பெனிகளுக்கும், பல கிளையன்ட்டுகளுக்கு ஆள் அனுப்புகிற இடங்களுக்கும் அப்ளை செய்தால் அதைக் கேட்கிறார்கள். ஐடிஐஎல் 4 ஃபவுண்டேஷனைத்தான் நான் எழுதினேன், 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் பாஸ். ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவருக்கு மூன்று வாரம் போதும். ஒரே பிரிண்டர் வாரத்துக்கு மூன்று முறை நிற்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் அது இன்சிடென்ட், ஏன் நிற்கிறது என்று தேடினால் அது ப்ராப்ளம், புது பிரிண்டர் வேண்டும் என்று யூசர் கேட்டால் அது சர்வீஸ் ரிக்வெஸ்ட். தினமும் செய்கிற வேலைக்குப் பேர் கற்றுக்கொள்வதுதான், ஆனால் இன்டர்வியூவில் அந்தப் பேரில் பேசினால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து டம்ப்ஸ் (திருட்டுத்தனமாக வெளிவந்த பரீட்சைக் கேள்வி பதில்) வாங்கி எழுதாதீர்கள். பிடிபட்டால் சர்டிஃபிகேட்டையே ரத்து செய்வார்கள், பிடிபடாவிட்டால் மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவர் எதிரில் போய் உட்கார வேண்டும்.

ஹெட்செட்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கோடு போட்டுப் பார்த்தேன். இருபதில் ஏ பிளஸ் பதினொன்று, இன்ட்யூன் அல்லது எம்டி-102 ஒன்பது, ஐடிஐஎல் ஆறு, சிசிஎன்ஏ இரண்டே இரண்டு. ஏ பிளஸ் முதலில், அப்புறம் எம்டி-102 என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதற்கிடையில் வீட்டு லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு மெஷினுக்குள்ளேயே வேறு மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்டு ஒரு விண்டோஸ் சர்வரும் ஒரு விண்டோஸ் 11ம் ஏற்றினேன், 180 நாள், 90 நாள் என்று மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிறதே, அந்த இவாலுவேஷன் காப்பிகள்தான். ஆக்டிவ் டைரக்டரி வரை வந்துவிட்டது. ஆனால் கிளையன்ட்டை, அதாவது விண்டோஸ் 11 மெஷினை, டொமைனில் (சர்வர் நிர்வகிக்கிற மெஷின்களின் குழுவில்) சேர்க்கப் போனால் டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று எர்ரர். இரண்டிலும் இன்டர்நெட் வருகிறது, ஐபி அட்ரஸ் பார்த்தால் இரண்டிலும் 10.0.2.15. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். ஒருவேளை 8 ஜிபி ரேம் போதவில்லையோ?

ஸ்பூலர்:

ரேம் பாவம், அதை விட்டுவிடுங்கள். சர்வருக்கு 2, கிளையன்ட்டுக்கு 4 கொடுத்தால் முனகிக்கொண்டே ஓடும்.

உங்கள் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, இரண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி. விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க்கை நேட் என்று விட்டால் ஒவ்வொரு மெஷினையும் தனித்தனி அறையில் பூட்டிவிடும், இரண்டுக்கும் இன்டர்நெட் வரும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது. இரண்டையும் இன்டர்னல் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். மாற்றியவுடன் கிளையன்ட்டுக்கு 169.254ல் தொடங்கும் ஐபி வரும், பயப்படாதீர்கள், ஐபி கொடுக்க அங்கே டிஎச்சிபி இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். இரண்டுக்கும் நீங்களே ஐபி போடுங்கள், முக்கியமாகக் கிளையன்ட்டின் டிஎன்எஸ் (பேரைக் கேட்டால் ஐபியைச் சொல்வது) இடத்தில் சர்வரின் ஐபியைப் போடுங்கள். அங்கே 8.8.8.8 போட்டால் கூகுளுக்கு உங்கள் வீட்டு டொமைனை எப்படித் தெரியும்? ஐபி போட்டபிறகு கிளையன்ட்டில் என்எஸ்லுக்அப் கொடுத்து டொமைன் பேரைக் கேட்டுப் பாருங்கள், சர்வரின் ஐபி பதிலாக வந்தால் சேர்ந்துவிடும்.

ஹெட்செட்காரன்:

சேர்ந்துவிட்டது! "வெல்கம் டு த டொமைன்" என்று குட்டிப் பெட்டி ஒன்று வந்தது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

நாற்காலிக்கு அந்தப் பக்கம்:

சிரிக்கவில்லை, நானும் எடுத்தவன்தான். இப்போது கிளையன்ட்டின் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டர் போட்டு அதைத் திறந்து பாருங்கள். திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, ஏன் என்று தேடிக் கண்டுபிடித்து இங்கே எழுதுங்கள். அது முடிந்தால் அந்தக் கதையை அப்படியே இன்டர்வியூவிலும் சொல்லலாம்.