பிரிட்டிஷ் பாடகி லில்லி ஆலனின் அந்தத் திட்டுப் பாட்டை முதலில் யாரோடு கேட்டீர்கள்?

இரவுப்பறவை:
2009-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் இருக்கிற பாட்டு, தலைப்பே கெட்ட வார்த்தை (F*** You), எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கார் ஓட்டுகிறார், நான் பக்கத்தில், என் போனிலிருந்து ஏதேதோ ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இது. அந்தப் பியானோ இருக்கிறதே, மழலைப் பாட்டு மாதிரி துள்ளும், அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். பல்லவி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கை போனுக்குப் போனது, ஆனால் மாற்றவில்லை. ஏனென்றால் அரைமணி நேரத்துக்கு முன்புதான், டிவியில் வந்த இரண்டு ஆண்கள், ஒரு ஜோடி, அவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார், நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பல்லவி வந்தது. விரல் பாதித் தாளத்தில் நின்றது. "இந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்றார். அந்த மாதிரி ஜோடியை வெறுப்பவர்களைத்தான் திட்டுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். "சும்மா பாட்டுப்பா" என்றேன். அந்தச் 'சும்மா' இன்னும் குத்துகிறது.

பழைய_கேசட்:
என்னுடையது வேறு மாதிரி. அண்ணன் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள், பாட்டுப் போடும் வேலை என் தலையில். மெட்டை மட்டும் நம்பிச் சேர்த்தேன், அவ்வளவுதான் என் குற்றம். காகிதத் தொப்பி போட்ட பத்துப் பிள்ளைகள் இரண்டாவது பல்லவிக்குள் மனப்பாடம் செய்து கோரஸாகப் பாடுகிறார்கள், அர்த்தம் தெரியாத பாட்டி கைதட்டுகிறார். அண்ணி பார்த்த பார்வையை மறக்க முடியாது. நம் ஆட்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், வஞ்சப்புகழ்ச்சி. காளமேகம் இருந்திருந்தால் இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்.

நேர்வகிடு:
வஞ்சப்புகழ்ச்சி இல்லை. அதில் வார்த்தை புகழும், உள்ளே வசை இருக்கும். இங்கே வார்த்தை பச்சையாகவே திட்டுகிறது, பொய் சொல்வது மெட்டு மட்டும். இரண்டும் ஒன்றா? அப்புறம், இதில் என்ன வீரம் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. ஹாஸ்டலில் அறைத்தோழி இரவெல்லாம் போடுவாள், நான் தலையணையை முகத்தில் அழுத்திக்கொள்வேன், என் அனுபவம் இவ்வளவுதான். கெட்ட வார்த்தை யாரும் சொல்லலாம். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷைத் திட்டியது என்கிறார்கள், அவர் பதவியை விட்டு இறங்கிய பிறகு, 2009 பிப்ரவரியில் ஆல்பம் வந்தது. போன பஸ்ஸுக்குக் கை காட்டுகிற கதை.

ஜன்னலோரம்:
நேர்வகிடு, புஷ் இறங்குவதற்கு முன்பே, மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் லில்லி பாட்டைப் போட்டுவிட்டார், அப்போதைய தலைப்பின் முதலெழுத்துகள் ஜி.டபிள்யூ.பி., யாருடையது என்று நீங்களே பாருங்கள். பிரிட்டனின் தீவிர வலதுசாரிக் கட்சியான பி.என்.பி.யை நினைத்து எழுதியதாகவும் சொல்லியிருக்கிறார். யாருக்கும் பொருந்துகிற சட்டை அது, அதனால்தான் பழசாகவில்லை.

2022 ஜூன் 25, இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா. முந்தைய நாள்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை தந்த 1973 தீர்ப்பை ரத்து செய்திருந்தது. அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவுக்கு 19 வயது, லில்லி ஆலனை மேடைக்கு அழைத்து, இந்தப் பாட்டு அந்த நீதிபதிகளுக்கு என்கிறாள். அலிட்டோ, தாமஸ், கோர்சச், பாரெட், கவனா. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி ஒவ்வொரு பெயராக. நான் சாப்பிட்டுக்கொண்டே வீடியோ பார்த்தேன், அந்த ஐந்து பெயரும் முடிகிறவரை கை தட்டிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் செல்லப் பியானோ ஆரம்பிக்கிறது பாருங்கள். இதில் வீரம் இல்லையென்றால் சரி, வேறு ஏதாவது பெயர் வையுங்கள்.

நிதானம்_1:
நான் ரேடியோவில் கேட்டேன், அந்தச் சொல் வருகிற இடத்தை மழுப்பியிருந்தார்கள். அவ்வளவுதான். இரவுப்பறவைக்குத்தான் எழுத வந்தேன். அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் வண்டியில் பேசாதீர்கள், ஓட்டுகிறவர் பாதிக் கவனத்தில்தான் கேட்பார். சாப்பிட்டு முடித்த பிறகு, மற்றவர்கள் இல்லாதபோது. "நீங்கள் சொன்னது தப்பு" என்று ஆரம்பிக்காமல், "அன்று நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது" என்று ஆரம்பியுங்கள். அவர் கத்தினால் நீங்கள் கத்தாதீர்கள், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒரே நாளில் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், என் மாமனாருக்கு மூன்று வருடம் ஆனது, அதுவும் பாதிதான். பாட்டு கேட்டு யாரும் திருந்தியதாக நான் பார்த்ததில்லை, பாட்டு நமக்குத்தான் தெம்பு, எதிராளிக்கு இல்லை. முடிந்தால் முதலில் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வரிகளைத் தமிழில் எழுதிக் காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், அந்தப் பல்லவியை எப்படி எழுதினாலும் தாங்காது.

பழைய_கேசட்:
நிதானம் சார், அவர் அறிவுரை கேட்கவே இல்லையே.

இரவுப்பறவை:
பரவாயில்லை, தண்ணீர் குடிக்கிறதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அன்று பின்சீட்டில் தம்பி இருந்தான். டிவி பேச்சு நடந்தபோதும் அவன் அங்கேதான் இருந்தான். அப்பா கேள்வி கேட்டு, நான் "சும்மா" என்று சொல்லி, அதற்குப் பிறகும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தான். ஒரு வரிகூடத் தப்பவில்லை.