சூரியகாந்தி எண்ணெய் கொடுத்தும் பூனைக்குட்டியின் தோல் உதிர்கிறது. எங்கே குறை?

கேள்வி:
தாயை இழந்த பூனைக்குட்டியை எடுத்து வளர்க்கிறோம். நான்கு மாதமாகிறது. வீட்டில் அசைவம் கிடையாது; பாலும் தயிர்ச்சோறும்தான் கொடுக்கிறோம். முதுகைத் தடவினால் தவிடு போல வெள்ளைச் செதில் கையில் ஒட்டுகிறது. கொழுப்புச் சத்து போதவில்லையோ என்று தினமும் அரைக் கரண்டி சூரியகாந்தி எண்ணெய் கலந்தேன். மூன்று வாரமாகியும் பலனில்லை. பக்கத்து வீட்டு நாய்க்குட்டி இதே சோற்றைத் தின்று பளபளவென்று இருக்கிறது. மனது கேட்கவில்லை, சொல்லுங்கள்.

பதில் 1:
முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சொறியும் பூஞ்சைத் தொற்றும் இதே போலச் செதில் உதிர்க்கும்.

எண்ணெய் வீண் இல்லை. அதிலுள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தோலின் ஈரம் காக்க நேரடியாகவே உதவுகிறது. ஆனால் அதோடு நின்றுவிடுகிறது. நாயின் கல்லீரல் 18 கார்பன் கொண்ட அந்த அமிலத்தை நீட்டி, 20 கார்பனும் 4 இரட்டைப் பிணைப்பும் உள்ள அராகிடோனிக் அமிலமாக்கிக்கொள்ளும். அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் டெல்டா-6 டிசாச்சுரேஸ் நொதி பூனைக்கு மிகக் குறைவு. 1975-லேயே ஆய்வில் தெரிந்த செய்தி இது. இரத்தம் உறைவதற்கும் பின்னாளில் குட்டி ஈனுவதற்கும் அராகிடோனிக் வேண்டும். இரையிலும் தாய்ப்பாலிலும் அது ஆயத்தமாகக் கிடைக்கும். பசும்பாலில் சொற்பம், தாவர எண்ணெயில் இல்லவே இல்லை.

எனக்கு அதைவிடக் கவலை புரதம். எண்ணெயிலும் சோற்றிலும் வயிறு நிறைந்தால் வளரும் குட்டிக்கு அது எங்கிருந்து வரும்? பூனைக்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய டாரின் என்ற அமினோ அமிலம், வைட்டமின் ஏ இரண்டுமே தயிர்ச்சோற்றில் போதாது. காரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவும் பூனையால் முடியாது.

கேட்டவர்:
ஆளிவிதை எண்ணெய் உதவுமா? முட்டை மட்டும் வீட்டில் அனுமதி உண்டு.

பதில் 2:
உதவாது. ஆளிவிதையின் ஒமேகா-3 கொழுப்பிலிருந்து, கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் உருவாகவும் அதே நொதிதான் வேண்டும். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவில் அராகிடோனிக் இருக்கிறது, அவசரத்துக்குக் கொடுங்கள். டாரின் அதில் போதாது. ஆகவே, குட்டிகளுக்கான முழுமையான பூனை உணவு என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்கி, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சைவச் சோற்றில் பூனையை வளர்க்க முடியாது. வருத்தமாக இருந்தாலும் உண்மை இதுதான்.

கேட்டவர்:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பின்கட்டில் தனித் தட்டு வைக்கச் சம்மதித்துவிட்டார். நாளைக் காலை மருத்துவரிடம் போகிறோம்.