30 சதவீதத்திலிருந்து 12-க்குச் சட்டென இறங்கும் மின்சாரக் கார்: பேட்டரி தேய்ந்துவிட்டதா, அளவீடு தவறுகிறதா?

கேள்வி

வணக்கம். லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி வகை பேட்டரி பொருத்திய மின்சாரக் காரைச் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அண்மைக் காலமாகத் திரையில் 30 சதவீதம் என்று காட்டும் இருப்பு, வழக்கமான வேகத்தில் சற்றுத் தொலைவு போவதற்குள் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. டயர்களில் காற்று சரியாக இருக்கிறது. ஏசியை அணைத்து ஓட்டினாலும் மாற்றமில்லை. பேட்டரியின் ஆயுள் கூடும் என்று படித்ததால் தொடக்கத்திலிருந்தே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுவேன். பாதி சார்ஜில், காரின் கணினித் தரவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியைப் பொருத்திப் பார்த்தபோது பேட்டரிக்குள் இருக்கும் எல்லாச் செல்களின் வோல்ட் அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இருப்பினும் சர்வீஸ் நிலையத்தில் பேட்டரி தேய்ந்திருக்கும் என்கிறார்கள். அது உண்மைதானா? திடநிலை பேட்டரியோ ஹைட்ரஜன் காரோ பரவலாகும்வரை பொறுத்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நண்பரே, நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், பேட்டரியைவிட அதன் இருப்பைக் கணக்கிடும் முறையின் மீதே எனக்கு ஐயம் எழுகிறது. பெட்ரோல் தொட்டியில் மிதவை இருப்பதுபோல் பேட்டரிக்குள் இருப்பை நேரடியாக அளக்கும் கருவி ஏதும் கிடையாது. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் தொடர்ந்து கூட்டிக் கழித்து, இவ்வளவு மீதம் இருக்கும் என்று பேட்டரி மேலாண்மை அமைப்பு மதிப்பிடுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் சேரும் சிறு பிழைகளை, செல்லின் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு அது அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும்.

எல்எஃப்பியில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த செல்லில் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.2 வோல்ட்டிலிருந்து படிப்படியாகக் குறைவதால், வோல்ட்டைப் பார்த்தே இருப்பை ஊகித்துவிடலாம். எல்எஃப்பி செல்லோ 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரைக்கும் 3.2, 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். இருப்பைத் தெளிவாகக் காட்டும் ஏற்ற இறக்கம் இரு முனைகளில்தான் உண்டு. நீங்கள் மேல் முனையைத் தொடவே விடாததால், கணக்கைத் திருத்தும் வாய்ப்பு அமைப்புக்குக் கிடைக்கவில்லை. கீழ்ப்பக்கம் வோல்ட் சரியத் தொடங்கும்போதுதான் அது உண்மையை உணர்ந்து, 30 என்று காட்டிய எண்ணை ஒரேயடியாக 12-க்குக் கொண்டுவருகிறது.

80 சதவீதத்தில் நிறுத்துவது நிக்கல் வகை பேட்டரிகளுக்குப் பொருத்தமான நல்ல அறிவுரை. எல்எஃப்பிக்குப் பல தயாரிப்பாளர்களும் வாரம் ஒருமுறையாவது முழுமையாக ஏற்றச் சொல்கிறார்கள். எனவே இருப்பை 15 சதவீதத்துக்கு அருகில் இறக்கி, விரைவு சார்ஜரைத் தவிர்த்து, வீட்டு மின்சாரம் போன்ற மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் மெதுவான சார்ஜரில் 100 சதவீதம் வரை ஏற்றுங்கள். எண் 100 காட்டியதும் இணைப்பைப் பிடுங்காமல், கார் தானாக மின்னோட்டத்தை நிறுத்தும்வரை விட்டுவையுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பழுதே இல்லை என்று இப்போதே முடிவு கட்டிவிடக் கூடாது. பாதி சார்ஜில் செல்கள் ஒன்றுபோல் இருந்தன என்பது எல்எஃப்பியில் சான்றாகாது. அந்தச் சமதளப் பகுதியில் 60 சதவீதம் இருக்கும் செல்லும் 45 சதவீதம் இருக்கும் செல்லும் சில மில்லிவோல்ட் வேறுபாட்டையே காட்டும். வரிசையாக இணைத்த நூற்றுக்கும் மேற்பட்ட செல்களில் ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தாலும், அது தீர்ந்தவுடன் முழுத் தொகுதியும் தீர்ந்ததாகவே அமைப்பு கொள்ளும். அப்போதும் எண் இப்படித்தான் சட்டெனச் சரியும்.

ஆகவே முழுச் சார்ஜின் கடைசிக் கட்டத்திலும், இருப்பு 10 சதவீதத்தை நெருங்கும்போதும் செல் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சார்ஜை நெருங்கும்போது மட்டும் செல்களுக்கிடையே வேறுபாடு தெரிந்து, சில முழுச் சார்ஜுகளில் அது சுருங்கினால், செல்களைச் சமன்செய்யும் வேலை நடக்கிறது என்று பொருள். பல கார்களில் அந்தச் சமன்படுத்தல் மேல் முனையில்தான் நடக்கும். கீழே ஒவ்வொரு முறையும் அதே செல் முதலில் விழுந்தால் அதுதான் உண்மையான பழுது. கடுங்குளிரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், ஏனெனில் குளிரில் உள்தடை கூடி நல்ல செல்லும் தாழ்ந்து காட்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து வருகிறேன். முதல் முழுச் சார்ஜின்போது, 100 காட்டிய பிறகும் கார் நெடுநேரம் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. உச்சியில் சில செல்கள் மற்றவற்றைவிட உயர்ந்து நின்றன. அடுத்தடுத்த சார்ஜுகளில் அந்த வேறுபாடு குறைந்திருக்கிறது. 30-லிருந்து இப்போது சீராகவே இறங்குகிறது. கீழ்ப்பகுதியில் எந்தச் செல்லும் தனித்து விழவில்லை. புதிய தொழில்நுட்பங்கள் பற்றிய என் இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்தால் மகிழ்வேன்.

மறுமொழி 3

திடநிலை பேட்டரியில் மாறுவது முதன்மையாக மின்பகுபொருள்தான், அதாவது இரு மின்முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் பொருள். திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வரும். மின்னழுத்தக் கோட்டின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை மின்முனைகள் என்பதால், எல்எஃப்பி நேர்முனையோடு திடநிலை பேட்டரி செய்தாலும் இதே சமதளம் இருக்கும். உங்களுக்கு ஏற்பட்ட தொல்லைக்கு அது தீர்வாகாது. இந்த வகையில் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது சோடியம் அயனி பேட்டரியை. அதில் மின்னழுத்தம் சரிவாக இறங்குவதால் இருப்பைக் கணிப்பது எளிது, குளிரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரே எடையில் அது சேமிக்கும் ஆற்றல் லித்தியம் வகைகளைவிடப் பொதுவாகக் குறைவு.

ஹைட்ரஜனுக்காகக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கிலோ ஹைட்ரஜனில் உள்ள ஆற்றல் சுமார் 33 கிலோவாட் மணி. நீரை மின்னாற்பகுத்து அதைப் பெறவே 50 கிலோவாட் மணிக்கும் மேல் செலவாகிறது. பிறகு 700 பார் அழுத்தத்துக்கு அமுக்க வேண்டும், எரிபொருள் கலத்தில் மீண்டும் மின்சாரமாக்க வேண்டும். சக்கரத்தை அடைவது தொடக்கத்தில் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டுவது அரிது. பேட்டரிக் காரில் மூன்றில் இரு பங்குக்கு மேல் சேர்ந்துவிடும். மேலும் 2014-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் உட்பட எரிபொருள் கலக் கார்களுக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கவே செய்கிறது.

உங்கள் காரைப் பொறுத்தவரை வாரந்தோறும் முழுச் சார்ஜைத் தொடருங்கள், ஆனால் 100 சதவீதத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். செல் அளவுக் குறிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ற நிபந்தனையோடு உத்தரவாதம் தருகிறார்கள். பின்னாளில் அதைக் கோர நேர்ந்தால், திரையில் தெரிந்த எண்ணைவிட அந்தக் குறிப்புகளே உங்களுக்குக் கைகொடுக்கும்.