நேர்மை ஆய்விலேயே பொய்த் தரவு: மனித நடத்தையை ஆராயும் இத்துறையை இனியும் நம்பலாமா?

தணிக்கைத்தாத்தா:
படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தை உச்சியில் வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012இல் ஐந்து ஆய்வாளர்கள் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினார்கள். ஒரு கார் காப்பீட்டு நிறுவனத்தின் 13,488 பாலிசிகளில், மேலே கையெழுத்திட்டவர்கள் கார் ஓடிய தூரத்தைச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக ஒப்புக்கொண்டார்களாம் (ஓட்டம் கூடினால் பிரீமியமும் கூடும்). 2021இல், ஆய்வுத் தரவுகளைச் சரிபார்க்கும் டேட்டா கொலாடா வலைத்தளத்தை நடத்தும் மூவர், பெயர் வெளியிடாத ஆய்வாளர்கள் சிலரோடு சேர்ந்து அந்தத் தரவுக் கோப்பை ஆராய்ந்தபோது, ஓடிய தூரங்கள் பூஜ்யம் முதல் 50,000 மைல் வரை ஒரே சீராகப் பரவி, அதற்கு மேல் சட்டென்று நின்றிருந்தன. எந்த ஊரில் வண்டிகள் அப்படி ஓடுகின்றன? எண்களில் ஒரு பாதி ஓர் எழுத்துருவிலும் மறுபாதி வேறொன்றிலும் இருந்தன. கட்டுரை அவ்வாண்டே திரும்பப் பெறப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்திருக்கும்போது, அலுவலக நெறிமுறைப் பயிற்சிகளை எதை நம்பி நடத்துகிறார்கள்?

மனிதவள மாணவி:
மேய்ந்ததை வெளியே சொன்ன மூவரும் இதே துறைப் பேராசிரியர்கள்தாம், ஐயா. அதற்கு முன்பே, 2020இல், அந்த ஐவரும் வேறு இருவருடன் சேர்ந்து மறுசோதனை நடத்தி, கையெழுத்து உத்தி பலிக்கவில்லை என்று அதே இதழில் எழுதிவிட்டார்கள். தவிர, எட்டாத இலக்கைத் தலையில் கட்டினால் மனிதர்கள் கணக்கைக் கூட்டிச் சொல்வார்கள், அதிலும் மயிரிழையில் இலக்கைத் தவறவிட்டவர்களே அதிகம் சொல்வார்கள் என்று 2004இல் வெளியான சோதனை காட்டியது. 2016இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டதும், சுமார் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தது வெளிவந்ததும், வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குத் தொடங்க வைத்த விற்பனை இலக்குகளால்தான்.

தணிக்கைத்தாத்தா:
அந்த ஒரே கட்டுரையின் இன்னொரு சோதனையிலும் தரவு திருத்தப்பட்டிருப்பதாக 2023இல் அம்மூவரே எழுதினார்கள். அந்த ஐவரில் ஒருவரும் அச்சோதனையோடு தொடர்புடையவருமான பிரான்செஸ்கா ஜீனோவின் நிரந்தரப் பேராசிரியர் தகுதியை 2025இல் ஹார்வர்டு பறித்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். எட்டு ஆண்டுகள், 2020 வரை, மூலக் கோப்பு வெளியே வரவில்லையே, அதுதான் என் குறை. ரசீதைப் பார்க்காமல் நான் ஒரு வரவையும் ஏற்றதில்லை. இலக்கு நெருக்கினால் பொய் பிறக்கும் என்பதற்கு ஆய்வா வேண்டும்? எந்தக் கிளை ஊழியரும் சொல்வார்.

ஓய்வுபெற்ற காசாளர்:
சொன்னோம், ஐயா, யார் கேட்டார்கள்? மார்ச் மாதம் பிறந்தால் கடன் கேட்டு வருபவர் தலையில் ஒரு காப்பீட்டுப் பாலிசியையும் கட்டச் சொன்னார்கள். முணுமுணுத்தவனுக்குச் சோம்பேறிப் பட்டம். மேலாளரிடம் காட்ட அன்று என் கையில் இப்படி ஓர் ஆய்வுக் காகிதம் இருந்ததில்லை. அந்த 2004ஆம் ஆண்டுச் சோதனை உங்களுக்கும் பயன்படும். மயிரிழையில் தவறவிட இருந்தவர்கள் கணக்கைக் கூட்டிச் சொன்னால், இலக்கைத் தாண்டியவர்களாகத்தானே தெரிவார்கள்? இலக்கை நூலிழையில் தாண்டிய கிளைகளின் கடைசி வாரக் கணக்குகளைத் தனியே எடுத்துப் பார்த்ததுண்டா?

தணிக்கைத்தாத்தா:
கடைசி வாரத்தைப் பார்த்ததுண்டு. ஆனால் இலக்கைத் தவறவிட்ட கிளைகளில்தான் தேடினேன். தாண்டியவற்றை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டேன்.