மாதுளை போன்சாய் பூக்க மறுத்தால்: உங்கள் அனுபவம் என்ன?

வேரடி:
என்னிடம் உள்ள மாதுளை, நண்பர் ஒருவர் வளர்த்துக் கைமாற்றிக் கொடுத்தது. அடிமரம் முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து, நூறு வயது மரம்போல இருக்கும். இலையும் அடர்த்தி. ஆனால் நண்பரிடம் இருந்தவரை ஒரு மொட்டுகூட வைத்ததில்லையாம்.

வெயில் போதவில்லையோ என்றுதான் முதலில் பார்த்தேன். மாதுளைக்கு நேரடி வெயில் தினமும் 6 மணி நேரமாவது வேண்டும். ஜன்னலோர வெளிச்சமெல்லாம் அதற்குக் காணாது. இதுவோ நாள் முழுக்க வெயிலில் நின்ற மரம். உரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்து, சாம்பல்சத்தை (பொட்டாசியம்) கூட்டினேன். இலையின் கரும்பச்சை கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

கோளாறு மரத்தின் அழகிலேயே இருந்தது. குடை பிடித்தாற்போல அப்படி ஒரு கச்சிதமான தலை! வாரம் தவறாமல் கொழுந்தைக் கிள்ளினால்தான் அந்த வடிவம் நிற்கும். மாதுளை மொட்டு வைப்பதோ அந்த வருடத்துப் புதுத் துளிரில், பெரும்பாலும் முற்றிய கிளையிலிருந்து கிளம்பும் குட்டைச் சிம்புகளின் நுனியில். நுனியைக் கிள்ளிக் கிள்ளி எறிந்தால் மொட்டுக்கு இடம் ஏது?

அதனால் கவாத்தை, அதாவது கிளை வெட்டும் வேலையை எல்லாம் துளிர் விடுவதற்கு முன்பே முடித்துவிட்டு, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டேன். விறுவிறுவென்று நேரே மேலே போகும் நீர்க்கிளைகளையும், தூரில் முளைக்கும் கன்றுகளையும் மட்டும் எடுத்தேன். அவை பூக்காது, மரத்தின் சத்தை உறிஞ்சுவதோடு சரி. மரம் தலை கலைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் சிம்பு நுனிகளில் செக்கச்செவேலென்று உருண்டையாக மொட்டு வந்தது. இலைமொட்டு ஒல்லியாக இருக்கும், இது பளபளவென்று தடித்திருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். வடிவமும் பூவும் ஒரே பருவத்தில் கிடைக்காது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
முழுக்க மறுக்க மாட்டேன் அண்ணா. ஆனால் எனக்குக் கைகொடுத்தது தண்ணீர்தான். தோப்புகளில் மாதுளைக்குத் தண்ணீரை நிறுத்தி, இலையை உதிரவிட்டு, அப்புறம் உரமும் நீரும் கொடுத்து ஒரே சீராகப் பூக்க வைப்பார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் போன்சாய் தொட்டியில் அப்படியே செய்துவிடாதீர்கள். தோப்பு மரத்துக்கு ஆழத்தில் வேர் இருக்கிறது. நம் தொட்டியில் இருப்பது ஒரு கை மண், ஒரு மதிய வெயிலில் காய்ந்துவிடும். நான் செய்தது மேல்மண் நன்றாகக் காய்ந்து, கொழுந்து லேசாகத் துவளும்வரை பொறுத்துத் தண்ணீர் விட்டது மட்டும்தான். மொட்டு தென்பட்ட பிறகு இந்த விளையாட்டு கூடாது. அப்போது வாட விட்டால் மொட்டெல்லாம் கொட்டிவிடும்.

செம்மண்:
மரம் எதிலிருந்து வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதா மாதுளையின் விதைக்கன்று என்றால் சில வருடம் பொறுக்கத்தான் வேண்டும், எந்த வைத்தியமும் பலிக்காது. பூத்த மரத்திலிருந்து எடுத்த போத்து (வெட்டி நட்ட குச்சி) சீக்கிரம் பூக்கும். குட்டை ரகம் இரண்டையும் முந்திவிடும். விதையில் வந்தாலும் சின்ன வயதிலேயே பூக்கும். இன்னொன்று, தொட்டி மாற்றி வேரை நிறைய வெட்டிய வருடத்தில் என் மரம் வேரையும் இலையையும்தான் பார்த்துக்கொள்ளும். வேர் தொட்டியை நெருக்க ஆரம்பித்த பிறகுதான் அதற்குப் பூ நினைவே வருகிறது.

கல்தொட்டி:
எனக்குப் பூத்தது, ஆனால் எல்லாமே உதிர்ந்தது. நோய் என்று நினைத்து மருந்துக் குப்பியைத் தூக்கும் முன் பூவின் அடியைப் பாருங்கள். அடி குறுகி மணிபோல இருந்தால் ஆண் பூ, விழத்தான் செய்யும். அடி பருத்துக் குடம்போல இருப்பதுதான் காய்க்கும். அதில் ஒரு மெல்லிய தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தேன், பிஞ்சு நின்றது. அடுக்குப் பூ ரகம் என்றால் காயை எதிர்பார்க்க வேண்டாம்.

வேரடி:
கல்தொட்டி அக்கா, சாதா ரகமாக இருந்தால் ஒரு பிஞ்சுக்கு மேல் விடாதீர்கள். தொட்டியில் வைத்தால் இலை சிறுக்கும், காய் சிறுக்காது. கனம் தாங்காமல் கிளை தொங்கிவிடும், மரமும் இளைக்கும். பூ முடிந்ததும் நான் சிம்புகளை இரண்டு கணு விட்டு வெட்டிவிடுகிறேன். இப்போது குடை மறுபடி கூடி வருகிறது.