மூன்று சக்கர சைக்கிளும் என் குதிகாலும்: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 58. குதிகால் வலியால் நடைப்பயிற்சி நின்றுபோனது. சரி என்று பெரியவர்களுக்கான மூன்று சக்கர சைக்கிள் வாங்கி, தினமும் விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். ஒரு சுற்று 1 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், போகட்டும்!

மூன்றாவது சுற்றில் பாதம் எரிகிறது. விரல் பக்கம் மரத்தே போகிறது. முன்பாதத்தால் மிதிக்காமல் நடுப்பாதத்தை பெடலில் வைத்தால் கொஞ்சம் தேவலை, ஆனால் கால் வழுக்குகிறது. ரப்பர் செருப்பை விட்டு அடி கெட்டியான ஷூவுக்கு மாறிவிட்டேன். சீட்டையும் ஏற்றிப் பார்த்தாயிற்று.

இதே தொல்லை இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? அகலமான பெடல், குதிகாலைப் பிடிக்கும் வார் எல்லாம் மதுரையில் எங்கே கிடைக்கும்? அப்புறம், சர்க்கரை இல்லை, பார்த்துவிட்டேன்.