சிஎஸ்ஆர்ல (கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதி) பள்ளிக்கு வந்த ஆர்ஓ குடிநீர் பிளாண்ட், இப்போ எப்படி இருக்கு? பாத்ததை எழுதுங்க

கிணத்துமேடு:
ஒன்றிய நடுநிலைப் பள்ளி. மணிக்கு 250 லிட்டர் பிளாண்ட், கல்வெட்டு எல்லாம் பளபளன்னு இருக்கு. ஜூன்ல பள்ளி திறந்த அன்னிக்கு சத்துணவு அக்கா குழாயைத் திறந்தாங்க, கூழ்முட்டை நாத்தம். பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டு பழைய அடிபம்புக்கே ஓடிட்டாங்க. ஏப்ரல்ல ஸ்விட்சை அணைச்சதோட சரி, மெம்பரேனுக்குள்ள (உப்பைப் பிரிக்கிற சவ்வு) தண்ணி அப்படியே தேங்கிடுச்சு. லீவு விடும்போது நல்லா அலசிட்டு கிருமி வளராம இருக்க 1% சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் நிரப்பி வால்வை மூடணும். 10 லிட்டர் ஆர்ஓ தண்ணிக்கு 100 கிராம், உணவுத் தரம். நம்ம வெயிலுக்கு மாசம் ஒருக்கா மாத்தணும். திரும்ப ஓட்டும்போது முதல் ஒரு மணி நேரத் தண்ணி சாக்கடைக்கு. இதை அந்த ஹெச்எம்கிட்ட யாருமே சொல்லலை.

கீரைப்பாத்தி:
மெம்பரேன் கதை அப்புறம். முன்னாடி தூசி பிடிக்கிற 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் அடைச்சா பம்புக்குத் தண்ணி போகாது, வறட்டு ஓட்டத்துல சீல் கருகும். பிளாண்ட் பெரும்பாலும் சாகிறது அப்படித்தான். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில ரிஜெக்ட் (கழிவுத் தண்ணி) பைப்பைக் காய்கறித் தோட்டத்துக்குத் திருப்பி விட்டிருந்தாங்க. உள்ளே போற தண்ணியில பாதிக்கு மேல கழிவு, உப்பு முழுக்க அதுலதான். அரைக்கீரை நுனி கருகி, மண் மேல வெள்ளைப் பூத்திருந்தது. கழிப்பறைத் தொட்டிக்கு ஏத்தியிருந்தா முடிஞ்சுது.

ஏட்டுக்கணக்கு:
ரெண்டு பேரும் மெஷினைப் பத்தியே பேசறீங்க, தப்பு புரோபோசல்ல. பிப்ரவரியில கம்பெனிகிட்ட போய் நின்னா "மார்ச் 31க்குள்ள பில் குடுங்க"ன்னுதான் வரும். மெஷினுக்கு பில் உடனே கிடைக்கும், பராமரிப்புக்குக் கிடைக்காது. ஏப்ரல், மே மாசத்துல, கம்பெனி ஆண்டுத் திட்டம் போடும்போதே போங்க. 'தொடர் திட்டம்'னு கம்பெனி போர்டு தீர்மானம் வாங்கினா தொடங்கின நிதியாண்டு போக இன்னும் 3 ஆண்டு இழுக்கலாம். மிச்சப் பணத்தை மார்ச் முடிஞ்சு 30 நாளுக்குள்ள தனிக் கணக்குக்கு மாத்திட்டாப் போதும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), கார்ட்ரிட்ஜ், மெம்பரேன், வருஷம் ரெண்டு தண்ணிப் பரிசோதனை எல்லாத்தையும் அந்த பட்ஜெட்லயே தனித்தனி வரியாப் போடுங்க. டிரஸ்ட் வழியாப் போனா 12ஏ, 80ஜி (ரெண்டும் வருமான வரிப் பதிவு), 3 வருஷச் செயல்பாடு, சிஎஸ்ஆர்-1 எண் (சிஎஸ்ஆர் வேலை செய்யறதுக்கான பதிவு எண்) வேணும்; இந்த எண் 2021 ஏப்ரல்லேருந்து கட்டாயம். 80ஜி காலாவதி ஆனது தெரியாம செக் கேட்கப் போறவங்க நிறைய. இன்னொண்ணு, சொத்து கம்பெனி பேர்ல இருக்கக் கூடாது. அரசுப் பள்ளின்னா ஒப்படைப்புக் கடிதத்துல ஹெச்எம் கையெழுத்து, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், பூட்டுச் சாவி யார்கிட்டன்னு கூட எழுதி வாங்கணும். சும்மா ரிப்பன் வெட்டிட்டுப் போறது சிஎஸ்ஆர் இல்லை, விளம்பரம். ஆனா 5%க்கு மேல நிர்வாகச் செலவு கேட்காதீங்க, சட்டத்துல இல்லை.

சாம்பல்பூனை:
@ஏட்டுக்கணக்கு கடைசி வரி தப்பு. அந்த 5% கம்பெனி தன் சிஎஸ்ஆர் ஆபீஸை நடத்தற செலவுக்கு. திட்டத்தை வடிவமைக்க, செயல்படுத்த, கண்காணிக்க நேரடியா ஆகிற செலவு அதுல சேராது. பிளாண்டைப் பாத்துக்கற பையன் சம்பளம், அவன் பெட்ரோல் ரெண்டும் திட்டச் செலவுதான். இந்த 5%ஐக் காட்டியே சின்ன டிரஸ்ட்டுங்களை மடக்கிடறாங்க, நீங்களும் அதையே சொன்னா எப்படி?

ஏட்டுக்கணக்கு:
விதிப்படி சரி. நடைமுறையில வெட்டிடுவாங்க.

சாம்பல்பூனை:
விதி எண்ணைப் போட்டு பதில் எழுதுங்க, வெட்ட மாட்டாங்க. சிஎஸ்ஆர் விதிகள்ல 2(1)(பி).

ஓடைமரம்:
அடிபம்புத் தண்ணி டிடிஎஸ் (லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்கிற அளவு) என்ன? 500க்குள்ள இருந்தா ஆர்ஓவே வேண்டாமே. வேற தண்ணி இல்லைன்னா 2000 வரைக்கும் ஐஎஸ் 10500 (இந்தியக் குடிநீர் தரநிலை) விடுது. மணல் பில்டர், குளோரின் போதும்.

பாறைக்காடு:
@ஓடைமரம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைச் சொல்லிடாதீங்க. டிடிஎஸ் மீட்டர் புளோரைடைத் தனியாக் காட்டாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. மணல் பில்டர் அதைத் தொடக்கூடத் தொடாது. ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல பிடிச்சு, குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்துல குடுங்க. ரிப்போர்ட் வந்த பிறகு கம்பெனிக்கு லெட்டர் எழுதலாம்.